தலைப்பாகை, முக்காடு, தொப்பி: ஹெல்மெட் சட்டம் யாரை விடுகிறது, யாரை விடுவதில்லை

மத நம்பிக்கையின் பேரில் தலையில் எதை அணிந்தாலும் ஹெல்மெட் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. விலக்கு தரும் நாடுகளிலும் பெரும்பாலும் அது ஒரே ஒரு சமயத்தாருக்கு, ஒரே ஒரு அணிக்கு, அதையும் அணிந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே தரப்படுகிறது. ஹிஜாப், தொழுகைத் தொப்பி, யூதர்களின் கிப்பா, கன்னியாஸ்திரீகளின் முக்காடு, கல்யாண ஊர்வலத்துக்குக் கட்டிய தலைப்பாகை எதுவும் அதில் சேராது.

இந்தியச் சட்டத்தை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 129-ஆவது பிரிவு, பொது இடத்தில் இருசக்கர வாகனத்தை ஓட்டுபவரும் பின்னால் உட்கார்ந்து செல்பவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. 2019-இல் செய்த திருத்தம் இதை 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் என்று ஆக்கியது. அதே பிரிவில் ஒரு வரம்புரை உண்டு: ஒருவர் சீக்கியராக இருந்து, வண்டியில் போகும்போது தலைப்பாகையும் அணிந்திருந்தால், இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். சீக்கியர்தான், ஆனால் இன்று தலைப்பாகை கட்டவில்லை என்றால் ஹெல்மெட் வேண்டும். தலைப்பாகை இருக்கிறது, சீக்கியர் இல்லை என்றாலும் வேண்டும். தலைப்பாகை கட்டிய சீக்கியரின் வண்டியில் பின்னால் ஏறும் நண்பருக்கும் வேண்டும். விலக்கு வண்டிக்குக் கிடையாது, ஒரு தலைக்கு மட்டும்.

மீறினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமத்துக்கும் 3 மாதத் தகுதியிழப்பு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 129-ஆவது பிரிவின் விளக்கப் பகுதி, வாரால் தலையோடு இறுகப் பிணைத்திருந்தால்தான் அதை ஹெல்மெட் என்று ஏற்கிறது. முக்காட்டின் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டு வாரைத் தொங்க விட்டுக்கொண்டு போனால், சட்டப்படி அது ஹெல்மெட் அணிந்ததாகவே ஆகாது.

இந்த ‘சீக்கியர் + தலைப்பாகை’ என்ற சூத்திரத்தை டெல்லியும் சண்டிகரும் கொஞ்சம் அகலப்படுத்தின. டெல்லியில் முன்பு பெண்கள் எல்லாருக்குமே ஹெல்மெட் அவரவர் விருப்பமாக இருந்தது. 2014-இல் அதைக் கட்டாயமாக்கியபோது சீக்கியப் பெண்களை மட்டும் விட்டுவிட்டார்கள். சண்டிகர் 2018 ஜூலையில் பெண்களுக்கும் கட்டாயம் என்று அறிவித்தது. விலக்கு தலைப்பாகை அணிந்த சீக்கியப் பெண்களுக்கு மட்டும் என்றது. சீக்கியப் பெண்களில் பலர் துப்பட்டாவால்தான் தலையை மூடுகிறார்கள் என்பதால் எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சகம், டெல்லியைப் போலவே செய்யும்படி அறிவுறுத்தியது. இங்கேதான் விலக்கு தன் தர்க்கத்தைவிட்டு விலகுகிறது என்று சொல்ல வேண்டும். துப்பட்டா ஹெல்மெட்டுக்குள் அடங்கும், தலைப்பாகை அடங்காது. மொத்த விவகாரமும் அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

தலைப்பாகை ஏன் அடங்காது?

சீக்கிய நெறியில் ‘கேஷ்’ என்னும் வெட்டாத முடி ஐந்து ககாரங்களில், அதாவது ‘க’ எழுத்தில் தொடங்கும் ஐந்து சமய அடையாளங்களில், ஒன்று. அந்த முடியை உச்சியில் ‘ஜூடா’ என்ற கொண்டையாக முடிந்து, அதன் மேல் தலைப்பாகையைக் கட்டுகிறார்கள். துணியின் நீளம் பொதுவாக 5 முதல் 7 மீட்டர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண விதியில் துணியின் பரப்பளவே எழுதப்பட்டிருக்கிறது: வெட்டாத முடி இருக்க வேண்டும், வழக்கமாக அணியும் தலைப்பாகை 5 சதுர மீட்டருக்குக் குறையாத துணியாக இருக்க வேண்டும். தலைப்பாகையைக் கழற்றி ஹெல்மெட்டை மாட்டு என்பதும் சரிவராது. பொது இடத்தில் தலைப்பாகையைக் கழற்றுவதே நெறி மீறல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரித்துக் கட்டுவது நடக்கிற காரியமும் இல்லை.

பெரிய அளவு ஹெல்மெட்டைத் தலைப்பாகைக்கு மேலேயே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது. வெளியே கடினமான ஓடு. அதன் உள்ளே நாம் தெர்மகோல் என்று சொல்லும் நுரைப் பஞ்சு அடுக்கு. அதற்கும் உள்ளே தலையில் படும் மெத்தை. மோதும்போது தெர்மகோல் நசுங்குகிறது. அந்தச் சில சென்டிமீட்டர் நசுங்கலுக்குள் தலையின் வேகம் சீராகக் குறைகிறது. அதுதான் உயிரைக் காப்பது. ஐரோப்பாவின் முந்தைய தர விதியான 22.05-இல் ஹெல்மெட்டை மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் இரும்புப் பட்டறைத் தளத்தின் மேல் மோதவிட்டு, உள்ளே இருக்கும் பொம்மைத் தலையின் அதிர்வு 275 ஜி-க்கு (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 275 மடங்குக்கு) மேல் போகக் கூடாது என்று பார்த்தார்கள். அந்தப் பொம்மைத் தலைக்குக் கொண்டையும் கிடையாது, துணியும் கிடையாது.

தலைப்பாகை மேல் மாட்டிய ஹெல்மெட் உயரத்தில் உட்காரும். வார் தாடை வரை எட்டாது. எட்டினாலும் விழும் வேகத்தில் துணி அமுங்கி, வார் தளர்ந்து, ஹெல்மெட் முன்னாலோ பின்னாலோ கழன்றுவிடும். இதைவிட மோசமானது, கொண்டைக்கு இடம் செய்ய உள்ளிருக்கும் தெர்மகோலைக் கத்தியால் குடைவது. குடைந்த இடத்தில் நசுங்க எதுவும் இல்லை. ஓடு நேரே மண்டையில் அடிக்கும். வெளியே ஐ.எஸ்.ஐ. முத்திரை அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே அந்தத் தரம் இருக்காது. 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் இருசக்கர ஹெல்மெட்டுகளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. அந்த முத்திரை குடையாத ஹெல்மெட்டுக்குத்தான் பேசும்.

கொண்டைக்கு இடம் விட்டு வடிவமைத்த ஹெல்மெட்டுகளும் வந்துவிட்டன. கனடாவில் பட்கா என்னும் சிறிய தலைத்துணி கட்டிய சீக்கியச் சிறுவர்களுக்காக உச்சியில் மேடு வைத்த மிதிவண்டி ஹெல்மெட் தரச் சோதனையில் தேறியிருக்கிறது. அது மிதிவண்டிக்கானது, மோட்டார் சைக்கிளுக்கு ஆகாது. ஆனால் இடம் செய்து கொடுத்தால் எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் இல்லை. 2023 ஜனவரியில் இந்திய ராணுவம் சீக்கிய வீரர்களுக்கென்று 12,730 குண்டு துளைக்காத ஹெல்மெட்டுகள் வாங்க முனைந்தபோது, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி கடுமையாக எதிர்த்தது. வடிவத்தைத் தாண்டி, தலைப்பாகையின் இடத்தில் வேறொன்று வருவதையே ஏற்க முடியாது என்பது அவர்கள் நிலை. உலகப் போர்களிலும் சீக்கியப் படையினர் எஃகுத் தொப்பியை மறுத்துத் தலைப்பாகையோடுதான் போரிட்டார்கள்.

விலக்கு பிறந்த கதை

பிரிட்டனில் 1973-இல் ஹெல்மெட் கட்டாயமானது. தலைப்பாகையோடு ஓட்டிய சீக்கியர்கள் தொடர்ந்து அபராதம் கட்டினார்கள். போராட்டத்துக்குப் பிறகு 1976-இல் தனிச் சட்டம் வந்தது: சீக்கிய சமயத்தைப் பின்பற்றுபவர், தலைப்பாகை அணிந்திருக்கும்போது, ஹெல்மெட் அணியத் தேவையில்லை. இன்று அது 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 16-ஆவது பிரிவில் இருக்கிறது. இந்திய வரம்புரையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொற்கள்கூட ஒத்துப்போகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. தாய்லாந்துச் சட்டம் கொஞ்சம் வேறு மாதிரி: பிக்குகள், சாமணேரர்கள் என்னும் இளம் பிக்குகள், துறவிகள், பிறகு வழக்கப்படி தலையில் துணி சுற்றும் எந்தச் சமயத்தாருக்கும் என்று கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறது.

கனடாவில் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா 1999-இல் விலக்கு கொடுத்தது. ஆல்பர்ட்டா 2018 ஏப்ரலில், 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். ஒன்டாரியோ அதே ஆண்டு அக்டோபரில். ஒன்டாரியோவுக்கு அடுத்திருக்கும் கியூபெக்கில் விலக்கு இல்லை. ஆக, நேற்று வரை சட்டப்படி ஓட்டிய ஒருவர், மாகாண எல்லையைத் தாண்டிய மறு நிமிடம் விதி மீறியவர் ஆகிறார். விலக்கு ஆளோடு பயணம் செய்வதில்லை. எந்த மண்ணில் சக்கரம் உருளுகிறதோ அந்த மண்ணின் விதிதான். வெளிநாட்டில் வாடகை வண்டி எடுக்கும் சீக்கியர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மத உரிமை என்று நீதிமன்றம் போனால் விலக்கு கிடைத்துவிடுமா? பெரும்பாலும் இல்லை. பிரிட்டனில் 1973-க்கும் 1976-க்கும் இடையில் 20 முறை அபராதம் விதிக்கப்பட்ட சீக்கியர் ஒருவரின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1978-இல் தள்ளியது. மத உரிமையில் தலையிட்டிருந்தாலும் உடல்நலப் பாதுகாப்புக்காக அது நியாயமே என்றது. ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் 2019 ஜூலை 4-இல் இதே பக்கம் நின்றது. அதன் காரணம் யோசிக்கத்தக்கது. ஹெல்மெட் ஓட்டுபவரை மட்டும் காப்பதில்லை. விபத்தில் சிக்கும் மற்றவர்களையும், மீட்க வருபவர்களையும் கொடூரமான காயத்தைப் பார்க்கும் அதிர்ச்சியிலிருந்து காக்கிறது. ஹெல்மெட் போட்டவர் நினைவோடு இருந்தால் மற்றவருக்கு உதவவும் முடியும் என்றது. மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு வேறு வாகனத்தில் போகவே முடியாது என்று காட்டுபவருக்குத்தான் தனி விலக்கு என்பது அதன் அளவுகோல். இந்திய அரசமைப்பின் 25-ஆவது உறுப்பும் மதச் சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. ஆகவே விலக்கை அடிப்படை உரிமையாக நினைக்க வேண்டாம். அது சட்டமன்றம் தரும் சலுகை. தராத இடத்தில் நீதிமன்றம் வாங்கித் தருவது அரிது.

எழுதாத சலுகை என்று ஒன்றும் உண்டு. இந்தோனேசியச் சட்டத்தில் மத விலக்கே கிடையாது. ஆனாலும் பாலித் தீவில் உடெங் என்னும் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கோவில் சடங்குக்குப் போகிறவர்களைப் போலீசார் பொதுவாக நிறுத்துவதில்லை. இப்படிப்பட்ட கண்டுகொள்ளாமையை விலக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அது எந்த நாளும் மாறலாம்.

முக்காட்டின் மேல் ஹெல்மெட்: சரியாக அணிவது

ஹிஜாப் அணிபவர்களுக்கு மத விலக்கு அநேகமாக எங்கும் இல்லை, தேவையும் இல்லை. துணி உள்ளே அடங்கும். ஆனால் எப்படி அடங்குகிறது என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன. ஹெல்மெட் தலையோடு சேர்ந்து அசைய வேண்டும். இடையில் வரும் துணி தடித்தாலோ வழுக்கினாலோ அந்தச் சேர்க்கை போய்விடும்.

துணியின் கணக்கு எளிது. 1 மி.மீ. தடிமன் கூடினால் தலைச் சுற்றளவு சுமார் 6 மி.மீ. கூடும். உள்தொப்பி ஒன்று, அதன் மேல் இரண்டு சுற்று முக்காடு, எல்லாம் சேர்ந்து 3 மி.மீ. என்றால் சுற்றளவில் ஏறக்குறைய 2 செ.மீ. வந்துவிடும். ஹெல்மெட் அளவுகள் பொதுவாக 2 செ.மீ. இடைவெளியில் வருவதால், அது முழுதாக ஓர் அளவு வித்தியாசம். அதனால் ஹெல்மெட் வாங்கப் போகும்போது வண்டி ஓட்ட எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு போக வேண்டும். அளவு நாடாவைப் புருவத்துக்கு மேல் சுமார் இரண்டரை செ.மீ. உயரத்தில், காதுக்கு மேலாக, பின்மண்டையின் புடைத்த இடத்தைச் சுற்றி, துணியின் மேலேயே வைத்து அளக்க வேண்டும். ஒரு நாள் தடித்த முக்காடு, மறுநாள் மெல்லியது என்று மாற்றினால் ஒரே ஹெல்மெட் இரண்டுக்கும் பொருந்தாது. வண்டிக்கென்று ஒரு மெல்லிய முக்காட்டை ஒதுக்கிவிடுவது நல்லது.

துணி என்றால் நீட்சியுள்ள பருத்தி ஜெர்சி. சாட்டின், பட்டு, வழவழப்பான ஷிஃபான் மூன்றும் வழுக்கும். ஹெல்மெட்டை இரு கையால் பிடித்து இடம் வலம் திருப்பிப் பாருங்கள். கன்னமும் நெற்றித் தோலும் கூடவே இழுபட வேண்டும். முகம் அசையாமல் ஹெல்மெட் மட்டும் திரும்பினால் துணி வழுக்குகிறது, அல்லது அளவு பெரிது.

ஊசி, ஊக்கு, தலையில் குத்தும் கிளிப் எதுவும் ஹெல்மெட்டுக்குள் கூடாது. சும்மா ஓட்டும்போதே உறுத்தும். மோதும்போது தெர்மகோலுக்கும் மண்டைக்கும் நடுவில் நிற்கும் கடினப் பொருள் அதுதான். ஊக்கு வேண்டாமென்றால் குழாய் வடிவ உள்தொப்பி போதும், அது தானே நிற்கும். உச்சிக் கொண்டையும் வேண்டாம். முடியைப் பின்னலாக விடுங்கள், அல்லது ஹெல்மெட்டின் அடி விளிம்புக்குக் கீழே பிடரியில் தாழ்வாக முடியுங்கள்.

அதிகம் பேர் கோட்டை விடுவது தாடை வாரில். முக்காட்டின் சுற்றுகள் மோவாய்க்குக் கீழே குவிந்திருக்க, அதன் மேல் வாரை இறுக்குகிறார்கள். நிற்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். விழும்போது அந்தத் துணிக் குவியல் அமுங்கும், வார் தளரும், ஹெல்மெட் பறக்கும். வரிசையை மாற்றினால் இது தீரும்: முதலில் உள்தொப்பி, பிறகு ஹெல்மெட், பிறகு வார், கடைசியில்தான் கழுத்தைச் சுற்றும் வெளித்துணி. வாருக்கும் தோலுக்கும் இடையில் ஒரு படலம் மட்டும் இருக்க, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். கிளிக் என்று பூட்டும் பக்கிளின் பற்களில் துணி நுழைந்தால் பூட்டியது போலத் தோன்றி இழுத்ததும் விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் வாரை ஒரு முறை சுண்டி இழுத்துப் பார்க்க வேண்டும். அடுத்து, பின் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்னால் தள்ளிப் பாருங்கள். நெற்றியைத் தாண்டிக் கழன்று வந்தால் அந்தக் கட்டு வண்டிக்கு ஆகாது.

தொங்கும் முனைகள் ஜாக்கெட்டுக்குள் போக வேண்டும். துப்பட்டாவும் முக்காடும் பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் இழுபடுவது கழுத்து. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி சொல்வதும் இதற்காகத்தான். அழகுக்காக அதைக் கழற்றி எறிபவர்கள் ஏராளம்.

நிகாப் என்னும் முகத்திரை அணிபவருக்கு முழுமுக ஹெல்மெட் துணியை மூக்கில் அழுத்தும். மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து பார்வை மங்கும். திறந்த முக ஹெல்மெட்டில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் தாடைக்குக் காப்பில்லை. தாடைப் பகுதியை மேலே தூக்கக்கூடிய வகை ஹெல்மெட்டில் நிகாபைச் சரிசெய்து கொள்ள முடியும். ஓடும்போது மூடியிருக்க வேண்டும். முழுமுக ஹெல்மெட்டே முகத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், ஓட்டும் நேரத்துக்கு அதுவே போதும் என்று முடிவு செய்பவர்களும் உண்டு.

மெல்லிய தொழுகைத் தொப்பிக்கும் கிப்பாவுக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிப்பாவின் உலோக கிளிப்பைக் கழற்றுங்கள், ஹெல்மெட்டே அதைப் பிடித்துக்கொள்ளும். தடித்த தையலோ பூவேலையோ உள்ள தொப்பி ஒரே இடத்தில் அழுத்தித் தலைவலி தரும். மலாய்க்காரர்களின் சொங்கோக் தொப்பி போல விறைப்பானது பையில்தான் பயணம் செய்ய வேண்டும்.

விலக்கோடு ஓட்டும்போது

தலைப்பாகைக்குப் பாதுகாப்பே இல்லையா? கொஞ்சம் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மிதிவண்டி வேகத்தில் சோதித்தபோது, வெறுந்தலையைவிடத் தலைப்பாகை அடியைக் குறைத்தது. எவ்வளவு குறைக்கிறது என்பது கட்டும் முறையையும் துணியின் தடிமனையும் பொறுத்து மாறியது. மிதிவண்டி ஹெல்மெட்டுக்கு அது ஈடாகவில்லை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக 2008-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. விலக்கில் ஓட்டுபவர் விட்டுக்கொடுப்பது இந்த அளவை. அதை அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டுபவர்கள் சில வேலைகளைச் செய்துகொள்ளலாம். முகக் கண்ணாடி இல்லாததால் பூச்சியும் மண்ணும் நேரே கண்ணில் அடிக்கும், பட்டையோடு கூடிய கண் காப்புக் கண்ணாடி அவசியம். உயரமாகவும் விரிந்தும் நிற்கும் கட்டு காற்றைப் பிடிக்கும். தலையோடு ஒட்டிய வட்டக் கட்டு நிற்கும். கடைசி முனையை ஆழமாகச் செருக வேண்டும், மேலோட்டமாகச் செருகினால் வேகத்தில் பிரிந்து முகத்தில் விழும். தலைப்பாகைக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் ஹெல்மெட் ஆகாது.

கடைசியாக, பலரும் விபத்துக்குப் பிறகே யோசிக்கும் ஒன்று: இழப்பீடு. அபராதத்திலிருந்து விலக்கு என்பதும் இழப்பீடு முழுதாகக் கிடைப்பது என்பதும் வெவ்வேறு. ஹெல்மெட் கட்டாயமாவதற்கு முன்பே, 1970-களின் தொடக்கத்தில், ஹெல்மெட் போடாமல் போன மொபெட் ஓட்டியின் இழப்பீட்டில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 15 சதவீதத்தைக் கழித்தது. சட்டம் கேட்காதபோதும் கவனக் குறைவு கவனக் குறைவுதான் என்றது. கட்டடப் பணியிடங்களில் தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்குப் பாதுகாப்புத் தொப்பியிலிருந்து விலக்கு தந்த 1989-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வேலைவாய்ப்புச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது: தொப்பி அணிந்திருந்தாலும் ஏற்பட்டிருக்கக்கூடிய காயத்துக்கு மட்டுமே இழப்பீடு. 2015-இல் அந்த விலக்கு ஏறக்குறைய எல்லாப் பணியிடங்களுக்கும் விரிந்தது. இழப்பீட்டு வரம்பும் அதோடு சேர்ந்தே வந்தது. விலக்கைப் பயன்படுத்துபவர்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் ஹெல்மெட் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று வண்டியை எடுப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.